ராசாவின் தமக்கை

மச்சாள், என் புருசனின் தமக்கை, இன்னும் இந்த அருங்காட்சியகத்தின் மேல்மாடியில்தான் நிற்கிறார். இறங்கி வந்தால் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், வலது கால் கொஞ்சம் இழுபடும், இந்தக் கிழமை முழுக்க என் வீட்டுப் படிகளில் அந்த இழுவையைக் கேட்டுக்கொண்டுதான் தேநீர் போட்டேன். மேலே என்ன பார்க்கிறாரோ. அந்தக் காலத்து இரும்புச் சட்டையாக இருக்கும், அல்லது ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் போரில் செத்த இங்கிலாந்து ராசாவின் வளைந்த முதுகெலும்பை அச்சாகச் செய்து வைத்திருக்கிறார்களே, அதாக இருக்கும், எல்லோரும் அதன் முன்னால் நின்று தங்கள் முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆறுதலாகப் பார்த்துவிட்டு வரட்டும். கடைசியில் எல்லோரும் இந்த அறைக்குத்தான் வந்தாக வேண்டும். நான் சுவரோரமாக இந்த மர வாங்கில், கறுப்புச் சட்டையும் ‘ராணி’ என்று பெயர் குத்திய அட்டையுமாக உட்கார்ந்திருக்கிறேன். முழுப்பெயர் பவளராணி. வீட்டிலும் ராணிதான், இந்த ஊர் வாய்களுக்கும் முழுசும் நீளம் என்று அதே பாதியை வெட்டிவிட்டார்கள். பெல்கிரேவ் றோட்டிலிருந்து வருகிற குஜராத்திக்காரர்கள் அட்டையை வாசித்துவிட்டு, ராசாவுக்கு ராணியா காவல் என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். என் காலுக்கு முன்னால் தரை கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே மண். மண்ணில் ஒரு குழி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குழிக்குள் வெளிச்சத்தால் ஓர் எலும்புக்கூடு எழும்பும், தலை, விலா, கோணிய முதுகு, தொடை, கால், அவ்வளவுதான், பாதம் கிடையாது. பிற்காலத்தில் யாரோ கட்டடம் கட்டும்போது தெரியாமல் வெட்டிப் போட்டிருக்கலாம் என்கிறார்கள். வெளிச்சம் அணையும். வெறும் மண். திரும்ப எழும்பும். இடது கையா, வலது கையா. காலையிலிருந்து எனக்கு இதுதான். இடது கையா, வலது கையா.

மாமரத்தால் விழுந்து முறிந்த கை. கல்யாணம் முடித்த புதிதில் குணம் அந்தக் கதையைச் சொன்னார். குணம் என்றால் சற்குணநாதன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், என் புருசன். புருசனின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அவர் காணாமல் போன பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராக, முகாம் முகாமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. மழை இருட்டு, மண்ணெண்ணெய் விளக்கு, புட்டும் மீன்குழம்பும், கதை சொல்லிக்கொண்டே அவர் கையை மடக்கிக் காட்டினார், இப்படித்தான் மட்டை வைத்துக் கட்டினது, இந்த இடத்தில்தான் எலும்பு கொஞ்சம் கோணலாகப் பொருந்தினது. சாப்பிடுகிற கை வலது, ஆனபடியால் காட்டிய கை இடதாக இருக்க வேண்டும். ஆனால் அவர் கதை என்று தொடங்கினால் சாப்பாட்டை மறந்துவிடுவார், எச்சில் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார், புட்டு மேசையெல்லாம் சிந்தும், நான் ஏசுவேன். அப்படியென்றால் வலது. புட்டுச் சிந்தியது ஞாபகம் இருக்கிறது. விளக்குக் கண்ணாடியில் கரி பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறது. கை மட்டும் வருகுதில்லை. எவ்வளவு இறுக்கி நினைத்தாலும் தோளிலிருந்து கீழே ஒன்றுமில்லாமல் ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருக்கிறார். தொண்ணூற்றாறாம் ஆண்டு, கடை திறக்கப் போனவரை ஆமிக்காரர் தங்கள் காவல் சென்றியில் மறித்தார்களாம், விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். சைக்கிள் மட்டும் வேலியோடு சாத்தியிருந்தது. பூட்டியிருந்தது. பூட்டுகிற அளவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், பிறகு வந்து எடுக்கலாம் என்று நினைக்கிறவன்தானே பூட்டுவான், சாகப் போகிறவன் சைக்கிளைப் பூட்டுவானா. இதை நான் இத்தனை வருசமாக நினைத்து நினைத்து, இப்போது இது எனக்குச் செபம் மாதிரி ஆகிவிட்டது, அர்த்தம் போய்விட்டது, ஓசை மட்டும் இருக்கிறது.

போன மாசம் எங்கள் ஊரில் ஒரு மதகு கட்டத் தோண்டின இடத்தில் எலும்புகள் வந்தன. வேலையை நிறுத்திவிட்டு, பிரஷ் வைத்து மண் தட்டுகிறார்கள். வக்கீலாக இருக்கிற ஒரு பிள்ளை, நல்ல குரல், போனில் என்னோடு கதைத்தாள். உறவுக்காரரின் எச்சிலை எடுத்து வைத்தால் எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அன்ரி. நான் இங்கே தருகிறேன், எங்கே தரவேண்டும் என்றேன். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, அன்ரி, பிள்ளைகள் இருக்கினமா? இல்லை. அவருடைய அம்மா? செத்துப்போனா. சகோதரங்கள்? ஒரு அக்கா, ரொறன்ரோவில். அப்ப அவவின்ர எச்சில் வேணும் அன்ரி, உங்கட எச்சில் உதவாது. உதவாது என்று அந்தப் பிள்ளை வேண்டுமென்று சொல்லவில்லை, வேறு சொல் கிடைத்திருக்காது. ஆனால் எனக்குத் தெரியாததா? கிழமைக்கு மூன்று பின்னேரம் நான் இதே அறையில் நின்று இதைத்தானே வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராசாவைக் கண்டுபிடித்தது தமக்கையின் வழி. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு, அப்படியே இறங்கி இறங்கிக் கனடா வரைக்கும் போன ஒரு வழி, கடைசியில் ஒரு தச்சரின் வாயில் வந்து நின்றது. எச்சில் கொடுத்த அந்த மனிதரே ராசாவுக்குப் பெட்டியும் செய்தார். ராசாவுக்கு ஒரு பெண்சாதி இருந்தாள், யாரும் அவளைக் கேட்கவில்லை, அவள் எலும்பு எங்கே கிடக்கிறதென்று ஒருத்தருக்கும் நிச்சயமில்லை, கேட்டிருந்தாலும் உதவியிராது. என் புருசன் இப்போது மச்சாளின் வாய்க்குள் இருக்கிறார். வேறெங்கும் இல்லை. மச்சாளுக்கும் பிள்ளையில்லை, அறுபத்தேழு வயது, பிறஷருக்கு மூன்று நிறத்தில் குளிசை, இருமினால் நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம். அந்த இருமல் ஒவ்வொன்றையும் நான் எண்ணுகிறேன். மச்சாளோடு அந்த எச்சில் வழியும் போய்விடும். இன்று காலை குளியலறையில் மச்சாளின் பல்லுத் தூரிகையை எடுத்து ரிசுத் தாளில் சுற்றிவிட்டேன். சுற்றி, என் கைப்பைக்குள் வைத்து, சிப்பையும் இழுத்தேன். பிறகு அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது, சம்மதத்தோடு, ஓர் ஆள் சாட்சியாக முன்னால் இருக்கக் கொடுத்தால்தான் செல்லும். திரும்பக் கொண்டுபோய்க் கோப்பையில் வைத்தேன். வைக்கும்போது அது இன்னும் ஈரமாக இருந்தது.

போனில் கேட்டபோது மச்சாள் பட்டென்று வைத்துவிட்டார். பிறகு லண்டனில் ஒரு கல்யாணம் வந்தது, அப்படியே லெஸ்டருக்கும் வந்து நிற்கிறேன் என்றார், “ஆனா ராணி, அந்தக் கதை மட்டும் எடுக்கப்படாது, எடுத்தீரெண்டா நான் அண்டைக்கே பஸ் எடுத்திடுவன்.” சரி என்றேன். கதைக்கவில்லை. காட்டுகிறேன். அதற்காகத்தான் ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தேன். ரொக்கெற் நிற்கிற கண்ணாடிக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன், “இதுக்குள்ளயோ சந்திரனுக்குப் போனவை” என்றார், இல்லை மச்சாள், இது போகாதது. சந்தையில் வெண்டிக்காய் முற்றலா என்று நுனியை முறித்துப் பார்த்துக் கடைக்காரனிடம் ஏச்சு வாங்கினார். நார்பறோ றோட்டில் சோமாலியன், போலந்துக்காரன், குர்தியன், தமிழன் என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் தங்கட தங்கட நாட்டை விட்டிட்டு இஞ்ச ஒரு தெருவில வந்து மரக்கறி விக்கினம்” என்றார். உண்மைதானே. பெரிய கோவிலில், தேவாலயத்தைச் சொல்கிறேன், ராசாவைத் திரும்பப் புதைத்த வெளிறிய கல்லைச் சுற்றி நடந்தார், மேலே ஆழமாகச் சிலுவை வெட்டியிருக்கும், அதற்குள் வெளிச்சம் விழும், வடிவான கல்லு என்றார், ஒன்றும் கேட்கவில்லை. நேற்று எங்கள் கோயிலுக்குப் போனோம். மச்சாள் அர்ச்சனைத் தட்டை நீட்டி, சற்குணநாதன், உத்தராடம், மகரம் என்று சொன்னார். உயிரோடு இருக்கிறவருக்குத்தான் நட்சத்திரம் சொல்வது. ரொறன்ரோவில் கோயில் கோயிலாக இதைத்தான் செய்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் காதால் கேட்டது நேற்றுத்தான். ஐயர் இளம் ஆள், ஊருக்குப் புதிது, என் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு, “அவர் வரேல்லையோ?” என்றார். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டே, “வேலை” என்றார். திருநீற்றை வாங்கிக் கைக்குள் இறுக்கிப் பொத்தினேன். ஆத்திரத்தில் பொத்தினேன், பக்தியில் அல்ல.

வேலைக்குப் போயிருக்கிறார். கிட்டத்தட்ட முப்பது வருசமாகச் சங்கக்கடையைத் திறந்துகொண்டிருக்கிறார். நான் தாலியும் பொட்டுமாக ஒல்லாந்தில் பூக்கட்டுகிற இடத்திலும் பிறகு அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்து உருளைக்கிழங்குப் பொரியல் பைக்குள் போடுகிற தொழிற்சாலையிலும் நின்று, இப்போது இடுப்பும் நாரியும் நோவென்று வேலையை விட்டு நின்றுவிட்டு, கல்யாண வீடுகளில் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன். ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிகளைக் கூப்பிடுகிற நேரம் வந்தால் பெண்களுடைய கண் என்மேல் வந்து, நின்று, நகர்ந்து அடுத்தவளிடம் போகும். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் விடவும் பயம், பாவம் அவர்களும் என்ன செய்வார்கள். அதற்காகவே அந்த நேரம் பார்த்து நான் கழிவறைக்குப் போய்விடுவேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேளச் சத்தம் கேட்டால் வெளியே வருவேன். எனக்கு அவர் வேண்டாம் என்றில்லை. எனக்கு அவருடைய சாவு வேண்டும். சொல்லிவிட்டேன், இந்த அறையில் யாருக்கும் தமிழ் தெரியாது, மனதுக்குள் என்றாலும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஒரு திகதி, ஒரு திதி, ஒரு பிடி எலும்பு, பாதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோயில் பெண்களோடு ஒருநாள் சுற்றுலாவாக இந்த இடத்தைப் பார்க்க வந்தபோது மற்றவர்கள் எழும்பித் தேநீருக்குப் போனார்கள், நான் இந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. டிக்கெற் மேசையில் இருக்கிற ஹன்சா, சின்ன வயதில் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள், அப்போதே என்னைக் கண்டுகொண்டாள். இருந்து பார்க்க விருப்பமென்றால் சும்மா வந்து இரேன், தொண்டர் வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்றாள். இருக்கிறேன். அப்போது கார் விடுகிற இடமாக இருந்த இங்கே தோண்டத் தொடங்கின முதல்நாளே கால் எலும்பு கிடைத்தது என்று நான் சொல்லும்போது சனம் ஆ என்று வாய் திறக்கும், அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டம்தான். ஆனால் எனக்கு வேறொரு பயமும் இருக்கிறது, அது இரவில் அல்ல, பட்டப்பகலில்தான் வரும். இந்த ஊர் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், வாழைப்பழக்காரனுக்குப் பக்கத்தில், முதுகு காட்டிக்கொண்டு நிற்கிற அறுபது வயது மனிதன் ஒருவன் திரும்பிப் பார்ப்பானோ என்று. திரும்பினால் எனக்குத் தெரியாதே. முப்பத்துநாலு வயது முகம்தான் என்னிடம் இருக்கிறது. வந்து முன்னால் நின்று ராணி என்றாலும், யார் நீங்கள் என்றுதான் கேட்பேன். ஆனபடியால் வராதே என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு, தாலியைப் பிடித்துப் பார்க்கிறேன். எந்தக் கை. அந்தக் கை ஒன்றுதான் எனக்கென்று இருக்கிற அடையாளம், எச்சில் தமக்கைக்கு, கை எனக்கு, எலும்பு கோணலாகப் பொருந்திய அந்த இடத்தை நான் தடவியிருக்க வேண்டுமே, தடவாமலா இருந்திருப்பேன்.

இழுபடுகிற கால். படியில் வருகிறது. நிற்கிறது, இருமுகிறது, வருகிறது. மச்சாள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், குளிர்ச் சட்டைக்கு மேல் கைப்பையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு. “இதுதானோ குழி?” ஓம் மச்சாள், வாங்கோ. “உள்ள வந்தா தலைக்குத் தோய வேணுமோ?” ஐந்நூறு வருசத்துக்கு முந்தினது, துடக்குத் தீட்டு ஒன்றும் இராது என்றேன். ஆனாலும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தார். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, மச்சாள் தன் ஆயுளில் ஒரு குழியைக் குனிந்து பார்க்கிறது இதுதான் முதல்தரமாக இருக்கும். கண்ணாடியை மிதிக்காமல் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிச்சம் எழும்பியது. தலை, விலா, முதுகு. மச்சாள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் பேசக்கூடாது, பேசாமல் இருந்தால்தான் வேலை செய்யும், மேலே எல்லாம் எழுதியிருக்கிறது, ரொறன்ரோவில் இத்தனை வருசம் இருந்த ஆளுக்கு அந்த இங்கிலிஷ் விளங்காமலா இருக்கும். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிட்டது. “மச்சாள், இவர் எந்தக் கையை முறிச்சவர்?” எவர், என்றார். “இவர்தான், மாமரத்தால விழுந்து.” மச்சாள் குழியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “அவன் எங்க விழுந்தவன்? அது நானெல்லோ விழுந்தது. பழம் பிடுங்கித் தா அக்கா எண்டு என்னை ஏத்திவிட்டவனே அவன்தான். அம்மா அவனுக்கும் சேர்த்து எனக்குத்தான் அடிச்சவ.” சட்டைக் கையை மேலே இழுத்தார். இடது கை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்தது. நான் அதைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. குணம் தமக்கையின் கதையைத் தன் கையில் வைத்துக் காட்டியிருக்கிறார், நான் அதை அவருடைய எலும்பென்று இத்தனை காலமும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வக்கீல் பிள்ளையிடமும் சொல்லிவிட்டேனே, கை முறிந்த ஆள் என்று. முறிந்த எலும்பு ஒன்று வந்தால் அவரென்று அழுதிருப்பேன், முறியாத கையோடு அவர் வந்திருந்தால் அவரில்லை என்று தள்ளியிருப்பேன்.

வெளிச்சம் அணைந்து திரும்ப எழும்பியது. என்னிடம் இப்போது ஒன்றுமேயில்லை, ஆகவே கேட்பதில் பயமும் இல்லை. “மச்சாள், மேல வாசிச்சனீங்கள்தானே. எப்பிடி ஆளைக் கண்டுபிடிச்சதெண்டு.” வாசித்தேன் என்றார். “தமக்கையின்ர வழி எண்டு போட்டிருக்கு. கனடாவாம்.” ஓம் என்றேன். வாங்கில் அவர் பக்கமாக நகர்ந்தேன். ஓம் மச்சாள், கனடாதான். மச்சாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்ச எலும்புகளையே பார்த்தார், கண் கலங்கியிருந்தது, அது என் திட்டத்தில் இருந்தது, கண் கலங்கும், பிறகு சம்மதம் வரும். “ஐந்நூறு வருசம்,” என்றார். “ஐந்நூறு வருசம் கழிச்சும் விடாமல் தேடியிருக்கினம் என்ன?” ஓம் மச்சாள், அதுதான் நானும். “எல்லாரும் முடிஞ்சுதெண்டு கைவிட்ட ஆளெல்லோ இவர். ஆத்துக்குள்ள எறிஞ்சதெண்டும் கதையாம். பிறகும் கிடைச்சிருக்கிறார்.” மூக்கை உறிஞ்சினார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது, கிழமை முழுக்க ரொக்கெற்றிலும் சந்தையிலும் கோயிலிலும் நான் காணாத தெளிவு. “அப்ப எங்கட குணத்துக்கு இன்னும் முப்பது வருசம்கூட ஆகேல்லையே, ராணி. எங்களுக்கு ஏன் இந்த அவசரம்?” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார், என்னைத் தேற்றுகிறாராம். நான் கூட்டிக்கொண்டு வந்து காட்டியது இதைத்தான். நானே காட்டினேன். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது, ராசா உயிரோடு கிடைக்கவில்லை மச்சாள், எலும்பாகத்தான் கிடைத்தார், பாதம்கூட இல்லாமல். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. வழி பார்த்துப் பார்த்துச் சாகட்டும். நானும் வழி பார்த்துக்கொண்டு சாகிறேன்.

மச்சாள் எழும்பினார். போகப் போனவர் நின்று, என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “பொட்டெல்லாம் கலைஞ்சு கிடக்கு. உப்பிடியே சனத்துக்கு முன்னால இருக்கிறது?” என்று பெருவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, என் நெற்றியில் வழிந்திருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். திரும்ப ஒருதரம் நாக்கில் வைத்தார். ஓரத்தைச் சுற்றி ஒழுங்காக்கி, நடுவில் வட்டமாகப் பொருத்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துச் சரியா என்று பார்த்தார். நான் அசையவில்லை. சட்டைப் பொக்கற்றில் ரிசுத் தாள் இருந்தது, நெற்றியை ஒற்றி எடுக்கக் கையும் அதுவரைக்கும் போனது, பிறகு மடிக்கு வந்துவிட்டது. “இப்ப வடிவு,” என்றார் மச்சாள். “நான் முன்னால தேத்தண்ணிக் கடையில நிக்கிறன். ஆறுதலா வாரும்.” சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போனார், இருமல் கொஞ்ச தூரம் கேட்டது. அடுத்ததாக ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி உள்ளே வந்தது, நனைந்த குடையோடு, கண்ணாடிக்கு ஓரமாகக் குனிந்து பார்த்தார்கள், அந்த அம்மா என் பக்கம் திரும்பி, இவர்தான் அவர் என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்தது என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நான் எழும்பி அட்டையைச் சரிசெய்துகொண்டேன். நெற்றியில் ஈரம் இன்னும் காயவில்லை. அவருக்கு ஒரு தமக்கை இருந்தார் என்று சொல்லத் தொடங்கினேன்.